கயிறு மேலே போகும் படம்

புரசைவாக்கம் தாணா தெருவில்
நெஞ்சு டாக்டரின் மாடிக்கு ஏறுவதற்குள்
இரண்டு முறை நின்றேன்.
டோக்கன் பதினேழு.
ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.
காற்று என் நாற்காலிக்கு முன்னாலேயே திரும்பிவிட்டது.

எதிர்ச்சுவரில் மூன்று படங்கள்.
கறுப்புச் சட்டம், பழசுபோல அச்சடித்த புதுத்தாள்.
"பலூன் படம் சார்" என்றாள் டோக்கன் தருகிற நிலோபர்.
பலூனைக் காணோம்.
பலூனுக்கு முந்தின வேலைதான் இருக்கிறது:

பீப்பாய்கள், எண்ணினேன், இருபத்துநான்கு, வட்டமாக.
ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் ஒரு குழாய்
நடுத்தொட்டிக்கு வளைந்து போகிறது.
தொட்டியிலிருந்து ஒரே ஒரு துணிக்குழல்
மேலேறி, தாளின் விளிம்பை முட்ட,
அங்கே படம் தீர்ந்துபோகிறது.

"சாராயம் காய்ச்சுறான்" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.
இல்லை. அது கேஸ்.
இரும்புத்தூளில் ஆசிட் ஊற்றி எடுப்பது.
படித்துத் தெரிந்ததல்ல.
பாடியில் நான் சேர்ந்த முதல் பட்டறையில்
கார்பைடு கல்லுக்குத் தண்ணீர் காட்டி கேஸ் எடுக்கிற டப்பா இருந்தது.
இதற்கு அது பேரன் முறை.
அதன் பக்கத்தில் பீடி பற்றவைத்த சம்மந்தத்துக்குப்
புருவம் திரும்ப முளைக்கவே இல்லை.

எவனோ ஒருவன் செப்புத்தகட்டில் ஊசியால் கீறியிருக்கிறான் இதை.
பீப்பாய்க்கு ஆறு பட்டை, பட்டைக்கு இரண்டு ரிவெட்,
ரிவெட்டுக்குத் தனித்தனியாக நிழல்.
ஜாடி தூக்கி ஆசிட் ஊற்றுகிறவனுக்கு மட்டும் முகமில்லை.
ஒரு தொப்பி, இரண்டு கோடு.
மூக்கில் துணி கட்டியிருக்கிறானா என்று கிட்டே போனேன்.
என் மூச்சு கண்ணாடியில் படிந்து அவன் மறைந்தான்.
துடைத்தேன்.
கட்டவில்லை.
நானும்தான்.

மூன்றாவது படத்தில் ஆளே இல்லை.
ஒரு வளையம், குறுக்கே கட்டை,
இரண்டு அரைவட்டக் கதவு, அவற்றைச் சாத்திப் பிடிக்க ஸ்பிரிங்.
ஓரத்தில் இங்கிலீஷ் 'யூ' ஒன்று.
கொஞ்ச நேரம் கழித்துத்தான் தட்டியது, அது 'என்'.

வால்வு. பலூனின் உச்சந்தலையில் வைப்பது.
கீழேயிருந்து கயிற்றை இழுத்தால் கதவு உள்ளே திறக்கும்,
கேஸ் போகும், பலூன் இறங்கும்.
விட்டால் ஸ்பிரிங் சாத்தும்.
இங்கே கயிறு மேலே போகிறது.
மேலே யார் இருக்கிறான் இழுக்க?

"நிலோபர், இது தலைகீழ்."
"இன்டீரியர்காரங்க மாட்டினது சார். மூணு வருஷமா யாரும் சொல்லல."
மூன்று வருஷம், நாளைக்கு நாற்பது பேர்.
அவரவர்க்கு அவரவர் இருமல்.

கொக்கி கிடையாது.
சட்டத்தின் உள்விளிம்பே ஆணியில் உட்கார்ந்திருந்தது.
கழற்றினால், பின்சுவரில் போன டிசம்பரின் ஓதம்
உப்புப் பூத்து நிற்கிறது, ஒட்டினாற்போல் இரண்டு பல்லிமுட்டை.
முட்டை நசுங்காமல் திருப்பி மாட்டினேன்.
கயிறு கீழே வந்தது.
கூலி வாங்காத வேலை, ரொம்ப நாளைக்கப்புறம்.

"எத்திராசுலு!"

மூக்குக்குக் கிளிப், வாய்க்குக் குழாய்.
"ஊதுங்க ஊதுங்க ஊதுங்க விடாதீங்க விடாதீங்க"
என்று கத்தினான் பையன்,
கடைசி ஓவர் பார்க்கிறவன் மாதிரி.
திரையில் கோடு ஒன்று எழுந்து
எழுந்த இடத்திலேயே களைத்துப் படுத்தது.
மூன்று முறை. மூன்றும் மலையில்லை, மேடு.

"அறுபத்திரண்டு சதவீதம்" என்றார் டாக்டர்.
மிச்சம் எங்கே என்று நான் கேட்கவில்லை.
கொளத்தூரில் பாதி வீட்டுக் கேட்டில் இருக்கிறது,
வில்லிவாக்கத்தில் ஜன்னல் கிரில்லில்,
அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்த ஷெட் என்று நினைவில்லை.

பதினைந்து நாள் கழித்து
சட்டைப்பையில் இன்ஹேலரோடு போனேன்.
படிக்கட்டில் ஒருமுறைதான் நின்றேன்.
வால்வு மறுபடி தலைகீழ்.
"தொடைக்கிற அக்கா மாத்தி மாட்டியிருப்பாங்க"
என்றாள் நிலோபர், நிமிராமலே.

டோக்கன் ஒன்பது. நாலுபேருக்குமேல் முன்னால் இருந்தார்கள்.
நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிவிட்டு
எழுந்தேன்.